20-வது முட்டை: வீட்டுக் காக்டெயில் பறவை ஒன்றின் முட்டை அடைப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் மேற்குப் புறநகரில் ஓர் அடுக்குமாடி வீடு. கணவன், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு காக்டெயில் (கொண்டையுள்ள சிறு கிளி வகை), மஞ்சள் தோய்ந்த வெள்ளை நிறமுள்ள லூட்டினோ வகை. மூன்று மாதக் குஞ்சாக வாங்கி வந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. (பச்சைக்கிளி போன்ற நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காக்டெயில் ஆஸ்திரேலியப் பறவை, தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பெருகியது. அதனால் அந்தத் தடை இதற்கு இல்லை.)

விற்றவர் ஆண் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். சாம்பல் நிறக் காக்டெயிலில் ஆணையும் பெண்ணையும் முகத்தின் மஞ்சளை வைத்தே பிரித்துவிடலாம். லூட்டினோவில் அது முடியாது. வால் இறகின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் பெண்ணுக்கு மங்கலான மஞ்சள் பட்டைகள் தெரியும். யாரும் அப்படிப் பார்க்கவில்லை. ஜனவரியில் கூண்டின் தரையில் ஒரு முட்டை கிடந்தபோதுதான் பெண் என்று தெரிந்தது.

கூண்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. தீனி, கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் கலவை: தினை, கம்பு, பாதிக்கு மேல் சூரியகாந்தி விதை. கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கும். அதற்கு மேல் தினமும் காலையில் முளைகட்டிய பயறு, மதியம் வெதுவெதுப்பான சோறு, வாரத்தில் மூன்று நாள் அவித்த முட்டை. கூண்டுக் கம்பியில், சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்க வைக்கும் கடல்நுரைத் (கணவாய் ஓடு) துண்டு ஒன்று தொங்கியது, ஆனால் பறவை அதைக் கொறித்த தடமே இல்லை.

ஜனவரி முதல் மே வரை

ஆண் துணை இல்லாவிட்டாலும் பெண் பறவை முட்டையிடும். அது குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். இது தெரிந்ததால் குடும்பம் முதல் முட்டைக்குப் பதறவில்லை. கூண்டில் கிடந்தால் அழுகிவிடும் என்று நினைத்து, இட்ட முட்டையை அன்றன்றே எடுத்துப் போட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று 8 முட்டை வந்தது. மார்ச்சில் மறுபடி 8. அவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

சிக்கல் இங்கிருந்துதான் வளர்ந்தது. காக்டெயில் ஓர் ஈட்டில், அதாவது ஒரு முறை தொடர்ந்து இடும் வரிசையில், இடுவது சாதாரணமாக 4 முதல் 6 முட்டை. வயிற்றின் கீழே போதுமான முட்டை சேர்ந்ததும் உடல் முட்டையிடுவதை நிறுத்தி அடைகாக்கத் திரும்பும். முட்டை காணாமல் போய்க்கொண்டே இருந்தால் இழப்பை ஈடுகட்ட மேலும் இடும். ஒரு முட்டையின் எடை 5 கிராமுக்கு மேல், பறவையின் எடையோ சுமார் 90 கிராம். மார்ச் முடிவதற்குள் தன் உடல் எடைக்கு ஏறத்தாழச் சமமான முட்டையை அது இட்டு முடித்திருந்தது. அதன் ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) தீனியிலிருந்து வராதபோது எலும்பிலிருந்து போகும்.

மே மாதம் மூன்றாவது ஈடு தொடங்கியது. முதல் இரண்டு முட்டை இயல்பாக இருந்தன. மூன்றாவது ஓடில்லாமல், தொட்டால் அமுங்கும் தோலோடு வந்தது. பிடித்துத் தூக்கியதும் உடைந்துவிட்டது. அதை ஒரு விந்தையாக எண்ணிப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். தோல் முட்டை என்பது கிளி வளர்ப்பவருக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான எச்சரிக்கை. ஓட்டுக்கே சுண்ணாம்பு இல்லாத உடலில், முட்டையைத் தள்ளி வெளியேற்ற வேண்டிய தசைக்கும் அது இருக்காது. அன்றே மருத்துவரிடம் காட்டியிருந்தால் இந்த ஆய்வில் பாதி எழுத வேண்டியிருந்திருக்காது.

அடைப்பு

அடுத்த முட்டை வியாழனன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாலையில் தீனி எடுப்பது குறைந்தது. எச்சம் நாற்றத்துடன் பெரிதாக ஒன்று போட்டது, பிறகு இல்லை. பக்கத்துக் கடையில் கேட்டபோது வாயுக் கோளாறு என்று சொல்லித் தண்ணீரில் கலக்க ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அண்டை வீட்டுப் பெரியவர், “தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு வச்சு விடும்மா, வழுக்கிக்கிட்டு வந்துரும்” என்றார். அதையும் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பறவை குச்சியில் இல்லை. கூண்டின் தரையில், ஒரு மூலையில், இறகை உப்பிக்கொண்டு, கால்களை அகட்டி நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. இடது கால் விரல்கள் மகளின் விரலைப் பற்ற முயன்று நழுவின. தேங்கிய முட்டை, காலுக்குப் போகும் நரம்பை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்துவதால் வரும் தளர்ச்சி அது. கால் முறிந்துவிட்டது என்று பலர் தவறாக எண்ணுவார்கள்.

கிளி இனம் நோயைக் கடைசி வரை மறைக்கும். குச்சியை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டால் மறைக்கும் தெம்பும் போய்விட்டது என்று பொருள். அப்போது கையில் இருப்பது நாட்கள் அல்ல, மணிநேரங்கள்.

தாய் முதலில் அழைத்த கிளினிக் நாய், பூனை மட்டும் பார்ப்பது. பறவை பார்க்கும் மருத்துவரின் எண்ணை அங்கேயே வாங்கிக்கொண்டார். அந்த மருத்துவர் தொலைபேசியில் சொன்னவை: ஏ.சி.யை உடனே நிறுத்துங்கள். வயிற்றைப் பிசையாதீர்கள், எண்ணெய் வேண்டாம், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, குச்சி எதுவும் வைக்காமல், ஒரு பக்கம் மட்டும் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்கட்டும். காரிலும் ஏ.சி. போடாமல் வாருங்கள்.

எண்ணெய் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. வெளியே தடவும் எண்ணெய் முட்டை சிக்கியிருக்கும் இடத்தை எட்டாது. அது அடிவயிற்று இறகை ஒட்டவைத்து உடற்சூட்டை இழக்கச் செய்யும். வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடக்கூடும். வயிற்றை அழுத்துவது இன்னும் மோசம். உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டின் கூர்முனை முட்டைக்குழலைக் கிழிக்கும்.

ஏ.சி. பற்றி ஒரு வார்த்தை. மே மாதச் சென்னையில் அறை வெப்பம் தானாகவே 32, 33 டிகிரி இருக்கும். நோயுற்ற சிறு பறவைக்கு வேண்டியது ஏறத்தாழ அதுதான். நம் மக்கள் பறவைக்கும் புழுங்குமே என்று 22 டிகிரியில் வைத்து, அதன் கடைசிச் சூட்டையும் எடுத்துவிடுகிறார்கள்.

மருத்துவமனையில்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பகல் 12.45-க்கு வந்து சேர்ந்தது. எடை 86 கிராம், உள்ளிருந்த முட்டையையும் சேர்த்து. மார்பெலும்பு கத்தி முனை போல விரலுக்குத் தட்டுப்பட்டது. முன்பு ஒருநாளும் எடை பார்த்ததில்லை என்பதால் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட வழியில்லை.

முதல் முடிவு, உடனே முட்டையை எடுக்கப் போகாமல் பறவையை நிலைப்படுத்துவது. அதிர்ச்சியில் இருக்கும் பறவையைப் பிடித்து எக்ஸ்ரே மேசையில் மல்லாத்தினால் அங்கேயே உயிர் போகலாம். 31 டிகிரி வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பெட்டியில் பிராணவாயுவோடு வைத்தார்கள். தொடை மடிப்பில் தோலுக்கடியில் வெதுவெதுப்பான உப்புநீர் 4 மி.லி. ஏற்றப்பட்டது. பிறகு கால்சியம் குளூக்கோனேட் 10 சதவீத மருந்து, கிலோவுக்கு 50 மி.கி. என்ற கணக்கில், உப்புநீர் கலந்து மார்புத் தசையில். இந்தப் பறவைக்கு அது 0.05 மி.லி.க்கும் குறைவு. இன்சுலின் சிரிஞ்சில் ஐந்து கோடு கூட வராது. வீட்டில் கண்ணளவாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். வலிக்கு மெலாக்சிகாம் உண்டு, ஆனால் அதை உப்புநீர் ஏறி ஒரு மணி நேரம் கழித்தே கொடுத்தார்கள். நீர்ச்சத்து வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

இரத்தம் எடுக்கவில்லை. உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, இந்தப் பறவைக்கு அது ஒரு மி.லி. கூட இல்லை. அந்த நிலையில் அதையும் இழக்க வைப்பதில் மருத்துவருக்கு ஒப்புதல் இல்லை. கால்சியம் குறைவு என்பதற்குத் தோல் முட்டையே போதிய சான்று என்று கொண்டார்.

2.30-க்கு மூச்சு சீரானபின் எக்ஸ்ரே. இடுப்புக்குள் ஒரே ஒரு முட்டை, ஓடு உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவையின் தொடை எலும்புக்குள் சுண்ணாம்பு சேர்ந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும். இங்கே எலும்பு வெறும் குழாயாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

பெரும்பாலான பறவைகள் சூடும் நீரும் கால்சியமும் கிடைத்த சில மணி நேரத்தில் தாமே இட்டுவிடும். அதற்காகக் காத்திருந்தார்கள். மாலை 6 மணிக்கு ஆசனவாயில் முட்டையின் வெள்ளை நுனி தெரிந்தது, நகரவில்லை. இரவு முழுக்க இன்னும் காத்திருப்பதா? கால் தளர்ச்சி கூடியிருந்தது, எச்சம் வரவே இல்லை, வாலாட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. காத்திருப்பதில்லை என்று முடிவானது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியும் பேசப்பட்டது. வழி திறக்காமல் தசை மட்டும் முறுக்கினால் முட்டைக்குழல் கிழியும் என்பதால் கைவிடப்பட்டது.

ஐசோஃப்ளுரேன் மயக்கத்தில், தெரிந்த நுனியில் ஊசியைச் செலுத்தி முட்டையின் உள்ளீட்டை உறிஞ்சி எடுத்தார்கள். வெற்று ஓட்டை விரலால் மெல்ல நசுக்கி, உப்புநீர் விட்டு விட்டு, துண்டு துண்டாக இடுக்கியால் எடுத்தார்கள். எடுத்த ஓட்டைத் தட்டில் வைத்துப் பார்த்தபோது ஒரு முனை இயல்பாகவும் மறுமுனை உப்புத்தாள் போலச் சொரசொரப்பாகவும் இருந்தது. அந்தச் சொரசொரப்புதான் வழியில் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் மயக்கம் தெளிந்தது. மறுநாள் காலை எடை 81 கிராம். குழலில் ஒட்டியிருந்த கடைசித் துண்டு இரண்டாம் நாள் எச்சத்தோடு வந்தது. சிராய்ப்பு இருந்ததால் 5 நாள் கிருமிக்கொல்லி. இடது கால் நான்காம் நாள் குச்சியைப் பற்றியது.

வீட்டை மாற்றுதல்

இங்கே நின்றிருந்தால் அடுத்த ஈட்டில் பறவை இறந்திருக்கும். மருத்துவர் கூண்டின் படத்தையும், காலை முதல் இரவு வரை வீட்டில் நடப்பதையும் எழுதிக் கேட்டார். மகள் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்தாள். இந்த வழக்கில் மிகப் பயன்பட்ட ஆவணம் அதுதான்.

காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. அங்கே அதற்கு நிலையான இனப்பெருக்கக் காலம் இல்லை. மழை பெய்து, புல் விதை கொழித்து, மரப்பொந்து கிடைத்தால் உடனே முட்டையிடும். பகல் நீண்டிருப்பது இன்னொரு தூண்டுதல். நோட்டில் இருந்த வீட்டைப் பறவையின் கண்ணோடு படித்தால்: காலை 6 முதல் இரவு 11.30 வரை வெளிச்சம். வற்றாத தீனி, அதிலும் மென்மையான சூடான தீனி. வெயிலுக்கு இதமாகத் தினமும் இரண்டு முறை தெளித்த தண்ணீர். ஒளிந்துகொள்ள ஷூ ரேக்கின் கீழ்த்தட்டு. துணையாக ஒரு கண்ணாடி, அதைவிட மேலான துணையாக மாலைதோறும் மடியில் வைத்து முதுகிலிருந்து வால் வரை தடவிக்கொடுக்கும் மகள். பறவைக்கு அது ஆண்டு முழுதும் நீடித்த நல்ல மழைக்காலம்.

தாயை அது ஏன் கடித்தது என்பதும் இதில் விளங்கியது. நான்கு மாதமாக, மகள் பக்கத்தில் அவர் உட்கார்ந்தால் பாய்ந்து கொத்தியது. பொறாமை, கோபம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். துணையையும் கூட்டையும் காக்கும் பெண் பறவையின் செயல் அது. தனி வியாதியாக எண்ணிப் ‘பழக்கி’த் திருத்தப் பார்த்தால் பலிக்காது.

முதலில் இருட்டு. மாலை 5.30 முதல் காலை 7.30 வரை 14 மணி நேரம், முதல் மூன்று வாரம். பிறகு 12 மணி நேரம். ஹாலிலேயே துணி போட்டு மூடினால் போதாதா என்று கேட்டார்கள். போதாது. டிவி ஒலியில் பறவை விழித்தே இருக்கும், மூடிய கூண்டு பொந்துபோல ஆகிவிடும். அதனால் படுக்கையறை ஒன்றில் இரண்டாவது சிறு கூண்டு வைக்கப்பட்டது. முதல் பத்து நாள் மாலையில் காது கிழியக் கத்தியது. கத்தும்போது யாரும் உள்ளே போகவில்லை. ஓய்ந்து ஒரு நிமிடம் ஆனதும் வெளியிலிருந்து ஒரு சீழ்க்கை மட்டும். அடங்க இரண்டு வாரம் ஆனது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன.

கண்ணாடி எடுக்கப்பட்டது. ஷூ ரேக் அடைக்கப்பட்டது, சோபாவுக்கு அடியில் மரச்சட்டம். கூண்டுத் தரையில் கிழிக்கக் காகிதம் எட்டாதபடி கம்பித் தட்டு. தடவுவது தலையும் கழுத்தும் மட்டும். வாலைத் தூக்கி, குனிந்து, மெல்லச் சிணுங்கினால் அப்படியே குச்சியில் விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மகளுக்கு இது கடினமாக இருந்தது. அதற்கு ஈடாகத் தீனித் துணுக்கைக் காட்டிக் குச்சிக்குக் குச்சி தாவப் பழக்கும் வேலை அவளிடம் தரப்பட்டது.

தீனி மாற்றம் ஆறு வாரம் எடுத்தது. சூரியகாந்தி விதையில் கொழுப்பும் பாஸ்பரஸும் மிகுதி, கால்சியம் அற்பம். ஆனால் விதைக்கே பழகிய பறவை பெல்லட்டை (சத்துகளைச் சேர்த்துக் குருணையாகச் செய்த தயார் தீனி) உணவென்று அறியாது. கிண்ணம் நிறையப் பெல்லட் இருக்கப் பட்டினி கிடந்து சாகும். முதல் வாரம் பெல்லட்டைப் பொடித்து, சற்றே ஈரமாக்கிய தினையில் பிசிறி வைத்தார்கள். காலையும் மாலையும் ஒரு டீஸ்பூன் விதை, இடையில் பெல்லட் மட்டும். தினமும் காலை தீனிக்கு முன் சமையலறைத் தராசில் எடை. முந்தைய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விதைக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. ஒருமுறை 85-லிருந்து 79-க்கு இறங்கியபோது நான்கு நாள் மாற்றத்தை நிறுத்தி வைத்தார்கள். முருங்கைக்கீரையை ஈரத்தோடு கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டதும் மூன்றாம் நாள் கிழித்துத் தின்னத் தொடங்கியது. பாலக்கீரை வேண்டாம் என்றார் மருத்துவர், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும். சோறும் முளைப்பயறும் அவித்த முட்டையும் நின்றன.

கால்சியம் எவ்வளவு கொடுத்தாலும் வைட்டமின் டி இல்லாமல் குடல் ஏற்காது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் இருக்காது. காலை 7.30-க்குப் பால்கனியில், கூண்டின் பாதி நிழலில் இருக்க, அரை மணி நேரம். பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். காக்கை கம்பி வழியே கொத்தும்.

நிரந்தரத் தீர்வாக முட்டைக்குழலை அறுவை செய்து எடுக்கலாமா என்று தந்தை கேட்டார். இவ்வளவு சிறு உடலில் ஆபத்து அதிகம். அத்துடன் சூலகத்தை எடுக்க முடியாது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. ஹார்மோனை அடக்கும் லியூப்ரோலைட் ஊசி இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டது. வெளிச்சத்தையும் தீனியையும் மாற்றாமல் ஊசியை மட்டும் நம்பினால், அதன் வீரியம் சில வாரத்தில் தீர்ந்ததும் முட்டை திரும்பும்.

பின் நடந்தவை

ஆகஸ்டில் எடை 92 கிராம். தாயைக் கடிப்பது முழுதும் நின்றது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் பறவை மறுபடி மூலை தேடத் தொடங்கியது. லியூப்ரோலைட் ஒருமுறை போடப்பட்டது. அப்படியும் நவம்பரில் முட்டை வந்தது, மொத்தம் 4. எல்லாமே கெட்டி ஓட்டோடு, சிரமமில்லாமல். இம்முறை எதையும் எடுக்கவில்லை. இட்ட தேதியைப் பென்சிலால் முட்டை மேலேயே குறித்து, ஒரு ஆழமில்லாத தட்டில் விட்டுவைத்தார்கள். நான்காவதோடு நிறுத்தி அடைகாத்தது, மூன்று வாரத்தில் தானே எழுந்து போனது. அதற்குப் பிறகுதான் முட்டைகளை அகற்றினார்கள். டிசம்பரில் எடுத்த எக்ஸ்ரேயில் தொடை எலும்பு தெளிவாக வெளுத்திருந்தது. அடுத்த மே மாதம் வரை வேறு முட்டை இல்லை.

வேறு விதமாகச் செய்திருக்க வேண்டியவை

முதல் ஈட்டிலேயே முட்டைகளை விட்டுவைத்திருக்க வேண்டும். ஆண் கலக்காத முட்டை மூன்று வாரத்தில் நாறிவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. விரிசல் விட்டதை மட்டும் எடுத்து, அதே அளவு பொய் முட்டை வைத்தால் போதும்.

எடைப் பதிவு வாங்கிய நாளிலிருந்தே வேண்டும். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசும் அதன் மேல் ஒரு குச்சியும் போதும். வாரம் ஒருமுறை எடை குறித்திருந்தால் மார்ச்சிலேயே உடல் கரைவது தெரிந்திருக்கும்.

மருத்துவமனைத் தரப்பிலும் ஒன்று மாறியது. முன்பு, முட்டையிடும் பறவை என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் சத்து மருந்து பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். இப்போது ஆறுக்கு மேல் முட்டை, ஈட்டுக்கும் ஈட்டுக்கும் இடையே மூன்று மாதத்துக்குக் குறைந்த இடைவெளி, தோல் முட்டை ஒன்றே ஒன்று – இவற்றில் எது இருந்தாலும் அதே வாரத்தில் நேரில் பார்க்கிறார்கள். வரும்போது கூண்டின் படத்தையும், விளக்கு அணையும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, செப்டம்பர் கடைசியிலேயே இந்தப் பறவைக்கு மீண்டும் 14 மணி நேர இருட்டைத் தொடங்குவது, தண்ணீர் தெளிப்பதை வாரம் ஒருமுறையாகக் குறைப்பது, எடையைத் தினமும் குறிப்பது என்று அடுத்த ஆண்டுக்குத் திட்டம் எழுதித் தரப்பட்டுள்ளது. நான்கு முட்டைக்கு மேல் போனால் மட்டுமே ஊசி.